வெற்றுக் குழாயின் சாட்சி

1813ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாரிஸ் நகரில் தனிவகுப்பு எடுத்து வந்த ஓர் இளம் மருத்துவர், மாணவர்கள் முன்னால் ஆர்செனிக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீரில் கரைந்திருந்தாலும் சரி, உணவோடு கலந்திருந்தாலும் சரி, உரிய கரைசலைச் சேர்த்ததும் அந்த நஞ்சு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு கோப்பைக் காபியில் ஆர்செனிக்கைக் கலந்து செய்து காட்டினார். எதிர்பார்த்த படிவு வரவில்லை. வேறு ஏதோ ஒரு நிறத்தில் என்னவோ இறங்கியது. மினோர்க்கா தீவிலிருந்து படிக்க வந்திருந்த அந்த மருத்துவரின் பெயர் மத்தியே ஓர்ஃபிலா. அதன் பிறகு அவர் மற்ற நஞ்சுகளையும் உணவிலும் உடல் திரவங்களிலும் கலந்து சோதித்தார். தூய நீரில் ஒழுங்காக நடந்த சோதனைகள் பல, அங்கே காலை வாரின. மறு ஆண்டே நஞ்சுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவரத் தொடங்கியது. நச்சியலின் தந்தை என்று இன்று பாடநூல்கள் குறிப்பிடும் மனிதர், வகுப்பில் ஒரு செய்முறை சொதப்பியதால் அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தார்.

இன்றைய பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு செய்முறை அப்படித் தோற்றால் என்ன நடக்கும்? பக்கத்து மேசையில் ரீடிங் எவ்வளவு என்று கேட்பார்கள். போன ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார்கள். மூன்று மணி நேரத்துக்குள் எண் வந்தாக வேண்டும். வெளித்தேர்வாளர் வருவதற்குள் ரெக்கார்டில் கையெழுத்து விழுந்தாக வேண்டும். வராத எண்ணை வரவைக்கும் கலையில் பலர் பள்ளியிலேயே தேறிவிடுகிறார்கள். பிளஸ் டூ உப்பாய்வில் எந்த உப்பு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, விடையிலிருந்து பின்னோக்கிச் சோதனைகளை எழுதியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அங்கே அது மதிப்பெண் சம்பந்தப்பட்ட சின்னக் களவு. அதே பழக்கத்தோடு நச்சியல் ஆய்வகத்துக்குள் நுழைகிறவர் ஒருநாள் நீதிமன்றத்துக்கோ மருந்து ஆலைக்கோ அறிக்கை எழுதித் தரப்போகிறவர்.

நஞ்சு இருக்கிறது என்று சொல்லப் பழகுவதற்கு முன்னால், இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லப் பழக வேண்டும். அதற்கான கருவி ஆய்வகத்திலேயே மிக மலிவானது. மாதிரியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாக் கரைசல்களையும் அதே அளவில் ஊற்றி, மற்றக் குழாய்களோடு சேர்த்தே சூடேற்றி, அதே கண்ணால் பார்க்கப்படும் ஒரு சோதனைக்குழாய். மாணவர் பேச்சில் அதற்கு ‘பிளாங்க்’ என்று பெயர். நேரமில்லை என்றால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

அதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1859இன் ஒரு லண்டன் வழக்கு போதும். ரிச்மண்டில் வசித்த தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர், இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்ணுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார். மாதிரிகளை ஆய்ந்தவர் கைஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர். அன்றைய இங்கிலாந்தில் நஞ்சு வழக்கு என்றால் அவர் பெயர்தான் முதலில் வரும். அவர் செய்தது ரைன்ஷ் சோதனை. மாதிரியோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அதில் சுத்தமான செப்புத் தகட்டையோ வலையையோ போட்டுக் காய்ச்சினால், ஆர்செனிக் இருக்கும் பட்சத்தில் செம்பின் மேல் கறுப்பாகப் படியும். 1841இல் அறிமுகமான இந்த எளிய சோதனை இந்தியத் தடயவியல் வகுப்புகளில் இன்னும் கற்பிக்கப்படுகிறது. ஸ்மெதர்ஸ்டிடம் கைப்பற்றிய ஒரு புட்டியில் ஆர்செனிக் இருப்பதாக டெய்லர் முதலில் சாட்சி சொல்லிவிட்டார்.

உண்மையில் அந்தப் புட்டியில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். அது அமிலத்தோடு சேர்ந்து செப்பு வலையையே அரித்துக் கரைத்தது. செம்புக்குள் மாசாக ஒளிந்திருந்த ஆர்செனிக் கரைசலுக்குள் வந்தது. டெய்லர் கண்டுபிடித்தது தன் சொந்த வலையில் இருந்த நஞ்சை! விசாரணையின்போது அவரே இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் ஸ்மெதர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவர்களும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்த பின், அரசு அறுவை மருத்துவர் சர் பெஞ்சமின் பிராடியிடம் கருத்துக் கேட்டு மன்னிப்பு வழங்கியது.

இந்த வழக்கில் மாணவர்கள் பொதுவாகக் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் தண்ணீரை வைத்து பிளாங்க் போட்டிருந்தால் இந்தத் தவறு பிடிபட்டிருக்காது. தண்ணீரும் அமிலமும் மட்டும் அந்தச் செம்பை அவ்வளவாகக் கரைக்காது, கறுப்பும் படியாது. அதே அளவு குளோரேட்டைப் போட்டு, அதே சுருளிலிருந்து வெட்டிய வலையைப் போட்டுக் காய்ச்சியிருந்தால்தான் குட்டு வெளிப்பட்டிருக்கும். எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் யோசித்துப் போட வேண்டியது பிளாங்க். கையேட்டில் ‘வாலைவடி நீர் 5 மில்லி’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவதால், அந்த யோசனை மாணவரிடமிருந்து பறிக்கப்படுகிறது.

ஸ்மெதர்ஸ்ட் வழக்குக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர்ஃபிலா அப்படி யோசித்துச் செய்து காட்டியிருந்தார். 1840இல் பிரான்சின் துல் நகரில் மரி லஃபார்ஜ் மீது கணவனைக் கொன்ற வழக்கு நடந்தது. உள்ளூர் வேதியியலாளர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாரிசிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓர்ஃபிலா, ஆர்செனிக்கைக் கண்டறியும் மார்ஷ் கருவியைக் கொண்டு உடலில் ஆர்செனிக் இருப்பதாகச் சொன்னார். அத்தோடு அது பயன்படுத்திய வேதிப்பொருள்களிலிருந்து வரவில்லை, சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் வரவில்லை என்றும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். மார்ஷ் கருவிக்குத் தேவையான துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலுமே ஆர்செனிக் மாசு இருப்பது அந்தக் காலத்தில் சகஜம். லஃபார்ஜ் குற்றவாளிதானா என்ற வாதம் பிரான்சில் நீண்ட காலம் ஓடியது. அது எப்படியோ போகட்டும். கல்லறை மண்ணையும் ஒரு மாதிரியாக எடுத்துச் சோதித்தது, ஒரு செய்முறை வகுப்புக்கு முழுப் பாடம்.

கைக்கு வருவோம். முதுகலைப் பட்டம் வாங்கியும் மைக்ரோபிப்பெட்டைச் சரியாகக் கையாளத் தெரியாதவர்கள் உண்டு. அதன் மேல்முனைப் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வரை அழுத்திக்கொண்டு உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போது இரண்டாவது வரை அழுத்த வேண்டும். அவசரத்தில் உறிஞ்சும்போதே இரண்டாவது நிறுத்தத்துக்குப் போய்விட்டால் திரவம் கூடுதலாக ஏறும். ஒருவருடைய கை எப்படி இருக்கிறது என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நான்கு தசம இலக்கம் காட்டும் தராசில் ஒரு சிறு பாத்திரத்தை வைத்து, 100 மைக்ரோலிட்டர் வாலைவடி நீரைப் பத்து முறை விட்டு ஒவ்வொரு முறையும் நிறுக்கலாம். 20 டிகிரி செல்சியசில் அது ஏறக்குறைய 0.0998 கிராம் காட்ட வேண்டும். பத்து எடைகளின் சராசரி தள்ளிப்போனால் பெரும்பாலும் பிப்பெட்டைப் பழுது பார்க்க வேண்டும். சராசரி சரியாக இருந்து எண்கள் முன்னும் பின்னும் சிதறினால் கையைப் பழுது பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதை முதல் வாரத்திலேயே செய்யவைத்து, அந்தப் பத்து எண்களை மாணவரின் பெயரோடு எழுதிவைக்கும் துறை, மீதிப் பருவம் முழுக்க வரும் பல குழப்பங்களைத் தவிர்த்துக்கொள்ளும்.

தண்ணீருக்குச் சரியாக வரும் கை, இருமல் மருந்துக்குத் தடுமாறும். கிளிசரின் போன்ற பிசுபிசுப்பான திரவம் முனையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு கடைசிச் சொட்டு இறங்க மறுக்கும், அளவு குறைந்துபோகும். அனுபவசாலிகள் இதற்கு முறையைத் தலைகீழாக்குவார்கள். இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் வெளியே விட்டு, எஞ்சியதைக் கழித்துவிடுவார்கள். அதைவிடப் பாதுகாப்பானது, பிப்பெட்டை நம்பாமல் நேராகத் தராசில் நிறுத்து எடுத்துக்கொள்வது. சிரப்பு, கிளிசரின், கிளைகால் என்ற இந்தக் குடும்பத்தைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. நச்சியலின் மிகத் துயரமான கதைகளில் ஒன்று இந்தப் பிசுபிசுப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருந்த எஸ். ஈ. மாசெங்கில் நிறுவனம், சல்ஃபானிலமைட் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி திரவமாக்கியது. மாத்திரையாக இருந்த மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைகால் பயன்பட்டது. ராஸ்ப்பெர்ரி வாசனையும் சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்தார்கள். நச்சுத்தன்மையை மட்டும் பார்க்கவில்லை. அன்றைய சட்டமும் கேட்கவில்லை. அந்த மருந்தைக் குடித்து 105 பேர் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

எந்தப் பொருள் கொன்றது? கேள்வி சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் யூஜின் கைலிங் என்ற பேராசிரியரிடம் வந்தது. சல்ஃபானிலமைட்டே புதிய மருந்து; அதன் மேல் சந்தேகம் விழுவது இயல்பு. துறையில் விலங்குகளைப் பிரித்துக்கொண்டார்கள். சில விலங்குகளுக்கு முழு மருந்து, சிலவற்றுக்குக் கரைப்பான் மட்டும், சிலவற்றுக்கு சல்ஃபானிலமைட் மட்டும். கரைப்பானைக் குடித்தவையும் முழு மருந்தைக் குடித்தவையும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. சல்ஃபானிலமைட் பெற்றவை பிழைத்தன. ஒரு குழுவை மட்டும் எடுத்து முழு மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தால், மருந்து கொல்லும் என்று தெரிந்திருக்கும். அதற்குள் எது கொல்கிறது என்பது தெரிந்திருக்காது. ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பார்த்த கூண்டுகள்தான் பதிலைச் சொல்லின. உயிருள்ள பிளாங்க்குகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

எலிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் வேலை அந்தத் துறையில் இருந்த ஒரு பட்டமாணவியிடம் தரப்பட்டிருந்தது. கனடாவிலிருந்து வந்த இருபத்து மூன்று வயதுப் பெண், ஃபிரான்சஸ் ஓல்டாம். பின்னாளில் திருமணமாகி ஃபிரான்சஸ் கெல்சி ஆனார். போர்க்காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, வளர்ந்த முயல் கொய்னாவை உடலுக்குள் வேகமாகச் சிதைத்துவிடுகிறது என்பதையும், கருவிலிருக்கும் குட்டியால் அது முடிவதில்லை என்பதையும் கணவரோடு சேர்ந்து பதிவு செய்தார். 1960இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. ஐரோப்பாவில் கர்ப்பிணிகள் தாராளமாக விழுங்கிக்கொண்டிருந்த தூக்க மருந்து. நிறுவனம் விரட்டிக்கொண்டே இருந்தது. கெல்சி மேலும் தரவு கேட்டுக்கொண்டே இருந்தார். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டபோது, கைகால் குறைபாட்டோடு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்துவிட்டிருந்தன. 1962இல் அதிபர் கென்னடி கெல்சிக்குப் பதக்கம் அணிவித்தார். மாணவப் பருவத்தில் எலிக்கூண்டின் முன் உட்கார்ந்து பழகியவருக்கு, ‘ஆபத்து எதுவும் காணப்படவில்லை’ என்ற வாக்கியத்தைப் படித்தவுடன் ‘யார், எத்தனை நாள், எதைப் பார்த்தார்கள்?’ என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கேள்வி பாடநூலிலிருந்து வருவதில்லை என்றே சொல்ல வேண்டும்.

மாணவர் செய்முறை வகுப்பு ஒரு தொழிலையே அதிரவைத்த கதையும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் என்ற உயிர்வேதியியலாளர், மரபணு மாற்றத்தை உண்டாக்கும் பொருள்களைக் கண்டறிய சால்மோனெல்லா பாக்டீரியாவை வைத்து ஒரு சோதனையை உருவாக்கியிருந்தார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மாற்றப்பட்ட பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் அநேகமாக இல்லாத ஊடகத்தில் விடுவார்கள். சோதிக்கும் பொருள் அதன் மரபணுவில் மாற்றம் ஏற்படுத்தினால் சில பாக்டீரியாக்கள் பழைய திறனைத் திரும்பப் பெற்றுத் தட்டில் புள்ளிப் புள்ளியாக வளரும். செய்முறை வகுப்பில் மாணவர்களை வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னார். வந்தவற்றில் தலைமுடிச் சாயமும் ஒன்று. அந்தத் தட்டில் புள்ளிகள் பெருகியிருந்தன. பிறகு முறையாக ஆராய்ந்து 1975இல் ஏம்சும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரைப்படி, சோதித்த 169 நிரந்தரச் சாயங்களில் 150 மரபணு மாற்றத்தை உண்டாக்கின. சாய நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றத் தொடங்கின.

இந்தச் சோதனையைக் கற்கும் மாணவரை முதல் நாள் குழப்புவது, எதுவும் சேர்க்காத தட்டு. அதிலும் புள்ளிகள் இருக்கும். சில பாக்டீரியாக்கள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், வகையைப் பொறுத்து இருபதோ முப்பதோ, நூறுக்கு மேலோகூட வரும். அந்தத் தட்டில் ஒரு புள்ளியும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் மாணவர் அதைப் பார்க்கவே இல்லை என்று அனுபவமுள்ள ஆசிரியர் உடனே சொல்லிவிடுவார். நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவை வைத்துச் செய்யும் சர்வதேச வழிகாட்டிச் சோதனையும் அப்படித்தான். பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை 48 மணி நேரம் கரைசலில் விட்டுப் பார்க்க வேண்டும். வெறும் நீரிலேயே பத்து விழுக்காட்டுக்கு மேல் அசைவற்றுப் போனால், மற்றக் குழுக்களின் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனை செல்லாது. எதுவும் நடக்காத குழுவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது மாதிரியைப் பற்றி. ஆய்வாளரின் உடம்பும் ஒரு மாதிரியாகிவிடக்கூடும் என்பதற்கு, டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் விட்டுச்சென்ற பாடம் இருக்கிறது. நச்சு உலோகங்கள், குறிப்பாகக் குரோமியம், உடலில் என்ன செய்கின்றன என்பதில் அவர் உலகறிந்த நிபுணர். 1996 ஆகஸ்ட் 14 அன்று, காந்த ஒத்ததிர்வுக் கருவியைச் சீர்படுத்துவதற்காக டைமெத்தில் பாதரசத்தை எடுத்துக்கொண்டிருந்தார். புகையை உறிஞ்சும் பேழைக்குள்தான் வேலை. கண்ணாடியும் லேடெக்ஸ் கையுறையும் அணிந்திருந்தார். ஒன்றிரண்டு துளி கையுறையின் மேல் சிந்தியது. மாதங்கள் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1997 ஜனவரியில் பாதரச நஞ்சு என்று தெரிந்தது. ஜூன் 8 அன்று, 48 வயதில் இறந்துபோனார். விபத்துக்குப் பிறகு நடத்திய சோதனையில் அந்தத் திரவம் லேடெக்ஸ் கையுறையைச் சில விநாடிகளிலேயே ஊடுருவிவிடும் என்று தெரிந்தது.

அவர் விதிமுறைகளை மீறியவர் அல்லர். அன்றைக்கு இருந்த விதிமுறைகளுக்குத்தான் விவரம் போதவில்லை. நம் கல்லூரிகளில் கையுறை என்றால் ஒரே ஒரு பெட்டி, எல்லா வேதிப்பொருளுக்கும் அதே பெட்டி. எந்தக் கரைப்பானுக்கு லேடெக்ஸ் தாங்கும், எதற்கு நைட்ரைல் தாங்கும், எதற்கு இரண்டும் தாங்காது என்பதை மாணவர் தாமே பொருளின் பாதுகாப்புத் தாளைப் படித்து எழுதிக்கொண்டுவந்தால்தான் புட்டியைத் திறக்க விடுவது என்று ஒரு துறை முடிவெடுத்தால், அதற்குச் செலவு ஒரு தாள்.

விலங்குகள் விஷயத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுவைச் செய்முறையைக் கட்டம் கட்டமாகக் கைவிடச் சொல்லி, 2014இல் அதை உறுதியாக்கியது. மருந்தியல் வகுப்புகளில் தவளையும் முயலும் போய்க் கணினித்திரை வந்தது. புதுச்சேரி ஜிப்மரில் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருள், அந்த மாற்றத்தில் நாட்டின் பல கல்லூரிகளுக்குக் கைகொடுத்தது. முன்பே தெரிந்த விடையை மறுபடி காட்டுவதற்காக ஆண்டுதோறும் விலங்குகளைக் கொல்வதில் நியாயம் எதுவும் இருந்ததில்லை. 1959இலேயே ஆய்வாளர்கள் ரஸலும் பர்ச்சும் விலங்குகளுக்கு மாற்று, எண்ணிக்கையில் குறைப்பு, வலியில் தணிப்பு என்று மூன்று வழிகளைச் சொல்லிவிட்டார்கள். பாதி விலங்குகள் சாகும் அளவைத் தேடும் பழைய வாய்வழிச் சோதனையைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பே 2002இல் தன் வழிகாட்டிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

ஆனால் விலங்கு போனதோடு சில துறைகளில் செய்முறையே போய்விட்டது. அது சோம்பேறித்தனம். திரையில் வரும் முயலின் கண் எப்போதும் சொன்னபடி கேட்கும். மாணவருக்குத் தேவை சொன்னபடி கேட்காத ஏதாவது ஒன்று. அது காய்கறிக் கடையிலேயே கிடைக்கிறது. 1938இல் சுவீடனின் ஆல்பர்ட் லெவான், கால்ச்சிசின் என்ற பொருள் செல் பிரிவை எப்படிக் குலைக்கிறது என்பதை வெங்காய வேரில்தான் காட்டினார். சின்ன வெங்காயத்தின் பழைய வேரைச் சுரண்டி எடுத்து, அடிப்பாகம் மட்டும் நீரில் தொடும்படி வைத்தால் இரண்டொரு நாளில் புது வேர் விடும். ஒரு வரிசைக்குத் தூய நீர், ஒரு வரிசைக்குச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்று நீர், இன்னொரு வரிசைக்கு அதே நீர் பத்து மடங்கு நீர்க்கச் செய்யப்பட்டது. முதலில் வேரின் நீளத்தை அளக்கலாம். பிறகு நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைநிறுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்து ஆயிரம் செல்களை எண்ணலாம். எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன, எத்தனையில் குரோமோசோம் துண்டாகியிருக்கிறது, எது பின்தங்கி நிற்கிறது?

நசுக்குவதில் இருக்கிறது வித்தை. குறைவாக அழுத்தினால் செல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அழுத்தும்போது கண்ணாடி வழுக்கினால் குரோமோசோம்கள் கிழிந்து, நஞ்சு செய்ததைப் போலவே தெரியும். தூய நீரில் வளர்ந்த வேரையும் அதே கை நசுக்கியிருந்தால்தான் கிழித்தது நஞ்சா விரலா என்று தெரியும். அந்தத் தகட்டை எண்ணுகிறவருக்கு அது எந்த வரிசையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடாது. வேறு ஒருவர் எண்ணிட்டு, பட்டியலைப் பூட்டிவைக்க வேண்டும். கடல்நீரில் வேலை செய்ய விரும்பும் துறைகளுக்குத் தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் இருக்கிறது. முட்டைகளை உப்பு நீரில் போட்டால் ஓரிரு நாளில் குஞ்சு நீந்தும். பெரிய நெறிமுறைச் சிக்கலும் இல்லை, பெரிய செலவும் இல்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களில் அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி, மருந்து, அழகுப்பொருள் என்று கணிசமான பங்கு நச்சியல் சோதனைகள் இல்லினாய் மாநிலத்தின் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற ஒரே கூடத்தில் நடந்தன. 1976இல் உணவு, மருந்து நிர்வாகத்தின் நோயியல் நிபுணர் ஆட்ரியன் கிராஸ் அதன் அறிக்கை ஒன்றைப் படித்தபோது, எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருப்பதைக் கவனித்தார். உள்ளே போய்ப் பார்த்தால், தண்ணீர் விடும் இயந்திரம் கெட்டு, ஊழியர்களே ‘சதுப்பு நிலம்’ என்று அழைத்த ஓர் எலி அறை. எலிகள் செத்து, ஆய்வுக்கு ஆகாத அளவுக்கு அழுகிப்போயிருந்தன. செத்தவற்றுக்குப் பதிலாகப் புதிய எலிகள் விடப்பட்டு, அதே எண்ணில் தொடர்ந்தன. நடக்காத சோதனைகளுக்கும் முடிவு எழுதப்பட்டிருந்தது. 1983இல் நிர்வாகிகள் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இன்று உலகம் முழுக்க நச்சியல் கூடங்கள் கடைப்பிடிக்கும் ‘நல்ல ஆய்வக நடைமுறை’ விதிகள் அந்த ஊழலின் பிள்ளை. 1978இன் இறுதியில் அமெரிக்கா அவற்றைச் சட்டமாக்கியது. இந்தியா 2002இல் இதற்கெனத் தேசியக் கண்காணிப்பு அமைப்பை உருவாக்கி, 2011இல் அதன் சர்வதேச ஏற்பு அமைப்பில் முழு உறுப்பினரானது. படப்பையில் உள்ள சர்வதேச உயிரித் தொழில்நுட்ப, நச்சியல் நிறுவனம் போன்ற கூடங்கள் இந்த விதிகளின் கீழ்தான் வேலை செய்கின்றன. அங்கே வேலைக்குச் சேரும் நம் பட்டதாரிக்கு முதல் அதிர்ச்சி நோட்டுப் புத்தகம். எண் விழுந்த கணத்திலேயே மையில் எழுத வேண்டும். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் காரணமும் தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும். ஐந்து ஆண்டுகளாக ரஃப் நோட்டில் கிறுக்கி, ஞாயிற்றுக்கிழமை ஃபேர் ரெக்கார்டில் அழகாக எழுதிப் பழகியவர் அங்கே எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத ரெக்கார்டுக்கு முழு மதிப்பெண் தரும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் நாளைக்கே நிறுத்தலாம்.

சென்னைக்கு இந்தத் துறையில் நெடிய பாரம்பரியம் உண்டு. இந்தியாவின் முதல் அரசு இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதன் பின்னால் வந்தன. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல், சுற்றுச்சூழல் நச்சியல் துறை, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நச்சியல் துறை என்று கற்க இடங்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் 2025 அக்டோபரில் தமிழ்நாடு தலைகுனிந்ததும் இதே துறையில்தான். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. சந்தேகம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தின் மேல் விழுந்தது. ஆயுத பூசை, காந்தி ஜெயந்தி விடுமுறை நாள்களுக்கிடையே தமிழ்நாடு அரசின் மருந்துச் சோதனைக்கூடம் மாதிரியை எடுத்து ஆய்ந்து அறிவித்தது: மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால். அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 விழுக்காடு. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தன. 1937இல் சிக்காகோ எலிக்கூண்டில் அடையாளம் காணப்பட்ட அதே பொருள். 1970களின் தொடக்கத்தில் சென்னையிலும், 1986இல் மும்பையிலும், 2022இல் காம்பியாவிலும் நோயாளிகளைக் கொன்ற அதே பொருள்.

மருந்துக்கான கரைப்பானும் இந்த நஞ்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, இனிப்பானவை. பீப்பாயின் மேல் ஒட்டிய சீட்டை நம்பினால் அவ்வளவுதான். பிரித்துக் காட்டும் வேலையோ முதுகலை மாணவர் செய்யக்கூடியது. சிலிக்கா பூசிய தகட்டில் சந்தேகப் பொருளை ஒரு புள்ளி, தூய புரொப்பிலீன் கிளைகாலை ஒரு புள்ளி, டைஎத்திலீன் கிளைகாலை ஒரு புள்ளி, கரைப்பான் மட்டும் ஒரு புள்ளி வைத்து ஓடவிட்டால் மெல்லடுக்கு நிறப்பிரிகையிலேயே சந்தேகம் எழும். வாயு நிறப்பிரிகையில் அளவு உறுதியாகும். வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் இதைச் செய்ய வேண்டும் என்ற அறிவுக்குப் பஞ்சமில்லை. பல தொழிற்கூடங்களில் இல்லாதது, ‘பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லும் பட்டதாரி. ரெக்கார்டில் வராத எண்ணை எழுதிப் பழகியவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

எனவே இந்த அவையில் இருக்கும் துறைத் தலைவர்களுக்கும் வெளித்தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பருவத் தேர்வில் மாணவர்களுக்குத் தரும் மாதிரிகளை எண் மட்டும் எழுதிக் கொடுங்கள். எது எது என்று ஆய்வக உதவியாளருக்கும் தெரியவேண்டாம். பத்துப் புட்டிகளில் இரண்டில் நஞ்சு எதுவும் இருக்க வேண்டாம். நேரம் மூன்று மணி என்பதை ஒரு முழு நாளாக்குங்கள். எதுவும் இல்லை என்று எழுதி, அதை நிறுவத் தான் போட்ட பிளாங்க்கையும் காட்டும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.